பூட்டு வாங்கித் தரும் நிமிடங்கள்

திண்டுக்கல்லில் வீட்டுக் கதவுக்குப் பூட்டு வாங்க வருகிறவர் எத்தனை லீவர் என்று விசாரித்துவிட்டுத்தான் விலையைக் கேட்பார். மாங்காய்ப் பூட்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார், சாவியை நாலு தடவை திருப்பிப் பார்ப்பார், வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். அதே ஆள் லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய பைக்கைப் பேருந்து நிலையத்துக்கு வெளியே நிறுத்தும்போது, ஹேண்டிலை ஒரு பக்கம் ஒடித்துச் சைடு லாக் போட்டதோடு திருப்தியாகிவிடுவார். அந்த லாக்குக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும், அதன் சாவி இன்னும் எத்தனை வண்டிக்குப் பொருந்தும் என்று அவர் கேட்பதில்லை. 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்குச் சொந்தமான ஊரிலேயே நிலைமை இதுதான். வண்டித் திருட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், “எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டா எதைப் போட்டாலும் எடுத்துருவான்” என்று யாராவது முடித்துவைத்துவிடுகிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. உடைக்க முடியாத பூட்டு என்று உலகில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பூட்டு எத்தனை நிமிடம் தாங்குகிறது, அதை உடைக்கும்போது எவ்வளவு சத்தம் வருகிறது, எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்பதில் பூட்டுக்குப் பூட்டு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. வண்டியைக் காப்பது அந்த வித்தியாசம்தான்.

இதை நிரூபித்துக் காட்டியவர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு நிபுணர். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்தவர், அன்று யாராலும் திறக்க முடியாதவை என்று பெயர் வாங்கியிருந்த இரண்டு பூட்டுகளைக் கையில் எடுத்தார். ஒன்று ஜெரமையா சப் 1818இல் செய்த லீவர் பூட்டு. சாவி நுழைந்ததும் உள்ளேயுள்ள ஒவ்வொரு லீவர் தகடும் தனக்கென்று குறித்த உயரத்துக்கு எழ வேண்டும். ஒரு மயிரிழை குறைந்தாலும் கூடினாலும் தாழ் நகராது. கள்ளச்சாவி போட்டு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு இறுகிக்கொள்ளும், சொந்தக்காரருக்கும் விஷயம் தெரிந்துவிடும். திண்டுக்கல் பூட்டும் இதே லீவர் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சப் பூட்டை ஹாப்ஸ் 25 நிமிடத்தில் திறந்தார். மற்றொன்று ஜோசப் பிராமா செய்தது. திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சவால்விட்டுக்கொண்டிருந்த பூட்டு. அதைத் திறக்க அவருக்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. இங்கிலாந்து வெட்கப்பட்டது, பத்திரிகைகள் வாரக்கணக்கில் எழுதித் தீர்த்தன. நிதானமாக யோசித்தால் தோற்றது பிராமாவின் விளம்பரப் பலகைதான், அவருடைய பூட்டு அல்ல. தனி அறை, நல்ல வெளிச்சம், வேண்டிய கருவி, தடுக்க யாருமில்லை என்ற நிலையிலேயே 51 மணி நேரம் தாங்கிய பூட்டு, தெருவில் எந்தத் திருடனிடமும் தோற்காது. தெருவில் அவனுக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம்.

இந்த அளவுகோலைச் சைடு லாக்கில் வைத்துப் பார்ப்போம். சாவியை அழுத்தித் திருப்பினால், சுண்டுவிரலைவிடச் சிறிய ஓர் உலோகத் தாழ் வெளியே வந்து, ஹேண்டில் தண்டிலுள்ள பள்ளத்தில் நுழைகிறது. அவ்வளவுதான் அமைப்பு. குறை தாழின் தரத்தில் மட்டும் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஹேண்டில் சுழலும் அச்சிலிருந்து கைப்பிடி முனை வரை ஏறக்குறைய 35 சென்டிமீட்டர், தாழ் இருக்கும் இடம் வரை 2.5 சென்டிமீட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நெம்புகோல் விதிப்படி கைப்பிடியில் கொடுக்கும் விசை தாழில் 14 மடங்காக விழும். 30 கிலோ அழுத்தம் அங்கே 420 கிலோவாகிறது. கையால் அழுத்தாமல் காலால் உதைத்தால் விசை இன்னும் பல மடங்கு. வண்டியை வளைத்து ஓட்ட உங்களுக்கு உதவுகிற அதே நீளமான ஹேண்டில், லாக்கை உடைக்கிறவனுக்கும் இலவசக் கடப்பாரையாகிவிடுகிறது. நாகல்நகரிலோ பழனி சாலையிலோ கூட்டத்துக்கு நடுவில், சொந்த வண்டியைத் திருப்புகிறவனைப் போன்ற பாவனையில் இதைச் செய்துவிட முடியும். கருவி வேண்டாம், சத்தமும் பெரிதாக வராது. அதனால் சைடு லாக்கே வீண் என்று சொல்லவரவில்லை. சும்மா தள்ளிக்கொண்டு போகிறவனை அது நிறுத்தும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தால் தவறு நம்முடையது.

சாவித் துவாரமும் இதே கதைதான். இருசக்கர வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது மெல்லிய தகடுகள் ஏறி இறங்கும் சாதாரணப் பூட்டு. ஐந்து தகடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு உயரம் என்று வைத்தால் 1024 வகைச் சாவிகள்தான் சாத்தியம். லட்சக்கணக்கில் விற்கும் ஒரு மாடலுக்கு இது எம்மாத்திரம்? வருடக்கணக்கில் தேய்ந்த பூட்டில் தகடுகளின் இடுக்குத் தளர்ந்துவிடுவதால் வித்தியாசம் இன்னும் சுருங்கும். பழைய வண்டிகளில் பக்கத்து வண்டிச் சாவியே திரும்பிவிடுவது இதனால்தான். அதையும் தாண்டி, அந்தத் துவாரத்தின் மறுபக்கம் இருப்பது வெறும் மின் ஸ்விட்ச். சாவியின் உருவத்தைத் தவிர வண்டிக்கு வேறு எந்த அடையாளமும் தெரியாது. கார்களில் இந்த ஓட்டையை அடைத்தது இம்மொபிலைசர். சாவித் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு குட்டிச் சில்லு இருக்கும். சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அதற்கு மின்காந்த அலையால் உயிர் கொடுத்து, ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கும். எண் பொருந்தாவிட்டால் இன்ஜினை இயக்கும் கணினி எரிபொருளை விடாது, தீப்பொறியையும் கொடுக்காது. 1998 முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்கள் அனைத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான விவரங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் வான் அவர்ஸும் வொல்லார்டும், கார் திருட்டு இதனால் சராசரியாக 40 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டனர். இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டியது. அங்கே 2015 மாடல் ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில் மட்டுமே இம்மொபிலைசர் இருந்தது. மற்ற நிறுவனக் கார்களில் 96 சதவீதம். சில வருடம் கழித்து டிக்டாக்கில் ஒரு வீடியோ பரவியதும், பள்ளிப் பையன்கள்கூட அந்தக் கார்களைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். நம் ஊரில் ஓடும் பைக், ஸ்கூட்டர்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இன்னும் இந்தச் சில்லு இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் மைலேஜுக்கு அடுத்த கேள்வியாக இதைக் கேட்டால் கம்பெனிகளுக்கும் உறைக்கும்.

ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர் என்ன செய்வது? இங்கேதான் இந்த ஊர் இரும்புக்கு வேலை வருகிறது. விரல் பருமனுள்ள சங்கிலி, நல்ல பூட்டு, நகராத ஒரு தூண். இந்த மூன்றும் சேர்ந்தால் திருடன் செலவிட வேண்டிய நேரம் நொடிக் கணக்கிலிருந்து நிமிடக் கணக்குக்கு ஏறுகிறது. சங்கிலியில் பருமனோடு உலோகமும் முக்கியம். முழுக்கக் கடினமாக்கிய எஃகு கட்டருக்கு மசியாது, ஆனால் சம்மட்டி அடியில் கண்ணாடிபோல் நொறுங்கும். மென்மையான இரும்பு நொறுங்காது, ஆனால் கட்டர் அதைக் கடித்துத் துப்பிவிடும். ஆகவே நல்ல சங்கிலிகளில் மேல்தோலுக்கு மட்டும் கார்பன் ஏற்றிக் கடினமாக்கி, உள்ளே இளக்கமாக விட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் லாக் பார்க்கப் பருமனாக இருக்கும். உள்ளே இருப்பவை மெல்லிய கம்பிப் புரிகள், கட்டருக்கு அவை கொறிக்கிற தீனி. சங்கிலி தரையில் கிடக்கவும் கூடாது. கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியில் ஆளே ஏறி நின்று அழுத்தலாம். அந்தரத்தில் தொங்கினால் கைபலம் மட்டுமே. பூட்டின் வளையத்துக்குள் காலி இடமும் இருக்கக் கூடாது, இருந்தால் கடப்பாரை நுழையும். சங்கிலியைப் பின் சக்கரத்தின் வழியாக, முடிந்தால் சட்டத்தையும் சேர்த்துப் போட வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் கட்டினால் சில போல்ட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை விட்டுவிட்டு மீதி வண்டி போய்விடும். டிஸ்க் பிரேக் வண்டிக்கு டிஸ்க் லாக்கும் நல்லதுதான். ஆனால் லாக் இருப்பதை மறந்து வண்டியை எடுத்தால் விழுவது நாம்தான் என்பதால், அதிலிருந்து ஹேண்டிலுக்கு ஒரு நினைவுக் கயிறு இழுத்துக் கட்டுவது அவசியம்.

கதவுக்கும் பெட்டிக்கும் கோயிலுக்கும் பூட்டுச் செய்து பேர் வாங்கிய திண்டுக்கல், வண்டிக்கென்று ஒரு பூட்டைத் தன் அடையாளமாக ஆக்கிக்கொள்ளவில்லை. அலிகாரிலிருந்து வரும் மலிவான இயந்திரப் பூட்டோடு விலையில் மோதி இளைத்துப்போன கைத்தொழில் இது. கையால் ராவி ஒவ்வொன்றாகச் செய்யும் பூட்டில், அச்சு வார்த்தாற்போல ஒரே சாவி இன்னொரு பூட்டுக்குப் பொருந்தும் வாய்ப்புக் குறைவு என்பது வண்டிக்காரருக்கு நேரடியாகப் பயன்படும் குணம். மழையும் செம்மண் புழுதியும் வண்டிப் பூட்டுக்குப் பகை என்பது உண்மைதான். எண்ணெய் விட்டால் புழுதி ஒட்டிச் சகதியாகிவிடும். கிராஃபைட் தூள் போட்டால் ஒட்டாது. துவாரத்துக்கு ஒரு மூடித் தகடும், கடினமாக்கிய வளையமும் சேர்ந்தால் போதும். குறியீடு பெயரைக் காக்கும். தொழிலைக் காக்க, இன்றைக்கு எதைப் பூட்ட வேண்டியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

கட்டிங் மெஷின் வைத்து அறுத்தால் எந்தச் சங்கிலி தாங்கும் என்று கேட்கலாம். எதுவும் தாங்காது. அறுக்கும் சக்கரத்திலுள்ள அலுமினியம் ஆக்சைடு எந்த எஃகையும்விடக் கடினமானது. ஆனால் அது தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அலறும், தீப்பொறி பறக்கும், இரவில் அந்த வெளிச்சமே காட்டிக்கொடுக்கும். சைடு லாக்கை உதைக்கிறவன் வண்டிக்காரனாக நடிக்கலாம், கட்டிங் மெஷினோடு நிற்கிறவன் நடிக்க முடியாது. அப்படியே தூக்கிக் குட்டியானையில் போட்டுக்கொண்டு போய்விட்டால்? போகலாம். ஆனால் அதற்கு இரண்டு மூன்று ஆள், ஒரு சரக்கு வண்டி, அதற்கொரு நம்பர் பிளேட், அது கேமராவில் பதியும் ஆபத்து எல்லாம் சேர்கின்றன. தூணோடு கட்டிய வண்டியைத் தூக்கவும் முடியாது. நேரக் கணக்கு இந்த ஊருக்குக் கூடுதலாகவே பொருந்தும். மதுரை, திருச்சி, கரூர், பழனி, வத்தலக்குண்டு என்று எந்தத் திசைக்கும் நல்ல சாலை பிரியும் சமவெளிச் சந்திப்பு இது. மதுரைக்கு அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். நகரத்தில் காணாமல்போன வண்டி, சொந்தக்காரர் தேநீர் குடித்துவிட்டு நண்பரிடம் விசாரித்து, பக்கத்துத் தெருவெல்லாம் தேடி, காவல் நிலையத்துக்கு நடப்பதற்குள் மாவட்ட எல்லையைத் தாண்டியிருக்கும். பறிபோன பிறகு துரத்துவதைவிட, பறிபோகும் முன் ஐந்து நிமிடம் தடுத்து நிறுத்துவது மலிவு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. நான் சங்கிலி போட்டால் திருடன் பக்கத்து வண்டியை எடுப்பான், ஊரில் மொத்தத் திருட்டு குறையாது, ஆள்தான் மாறும் என்பது. குற்றவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கேள்வி இது. அறுபதுகளின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி பழைய கார், புதிய கார் அத்தனைக்கும் ஸ்டீயரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. கார் திருட்டு குறைந்து, குறைந்தபடியே நின்றது. பிரிட்டன் 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டும் போட்டது. புதிய கார்கள் தப்பின, திருடர்கள் பழைய கார்களுக்குத் திரும்பினார்கள். ஆக, ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அரைகுறையாகச் செய்யும் இடத்தில்தான் அது பலிக்கிறது. இன்னும் வியப்பான சான்று ஹெல்மெட்டிலிருந்து வந்தது. 1980இல் மேற்கு ஜெர்மனி ஹெல்மெட் போடாதவர்களுக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கத் தொடங்கியது. அந்த வருடம் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986இல் சுமார் 54 ஆயிரமாக விழுந்தது. திருடப்போகிறவன் கையில் ஹெல்மெட் இருப்பதில்லை. இல்லாமல் ஓட்டினால் முதல் சந்திப்பிலேயே மாட்டுவான். அந்தத் திருடர்கள் எல்லாரும் காருக்கு மாறினார்களா? கார் திருட்டு அதே காலத்தில் சுமார் 64 ஆயிரத்திலிருந்து 70 ஆயிரமாகத்தான் ஏறியது. விட்டுப்போன ஒரு லட்சம் திருட்டுகளில் மிகப் பெரும்பகுதி வேறெங்கும் இடம் மாறவில்லை, நடக்கவேயில்லை. வண்டித் திருட்டில் பெரும்பங்கு திட்டம் போட்டு வருவதல்ல, வாய்ப்பைக் கண்டதும் கை நீள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. நம் சாலைகளில் ஹெல்மெட் சோதனையைத் தொல்லையாக நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கலாம். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கடைக்குள் நுழைகிறவர்களும் பார்க்கலாம்.

ஜிபிஎஸ் கருவி மாட்டிவிட்டேன், பூட்டு எதற்கு என்பவர்களும் பெருகிவிட்டார்கள். செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் அலை தரைக்கு வரும்போது மிகவும் நலிந்திருக்கும். தகர ஷட்டருக்குப் பின்னால், கன்டெய்னருக்குள், அடித்தளத்தில் அது கிடைக்காது. வண்டி பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து ஹெட்லைட்டுக்குள் வைத்தால் திருடன் முதலில் தேடும் இடம் அதுதான். கருவியால் பயனே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. லோஜாக் என்ற ஒளித்துவைக்கும் ரேடியோ கருவி புழங்கிய அமெரிக்க நகரங்களை 1998இல் ஆராய்ந்த ஏர்ஸும் லெவிட்டும், மாட்டாத வண்டிகளுக்கும் அதன் பயன் போய்ச் சேர்வதைக் கண்டார்கள். எந்தக் காரில் இருக்கிறது என்று வெளியே தெரியாததால் திருடன் எல்லாக் காரையும் சந்தேகித்தான். ஆக, கருவியை ஒளித்து வைக்க வேண்டும், தனி பேட்டரி வேண்டும், கூடவே கண்ணில் படும்படி சங்கிலியும் வேண்டும். சங்கிலி திருடனின் நேரத்தைத் தின்னும். ஜிபிஎஸ் அவன் போன பிறகு பேசும். சாவியில்லாமல் கதவு திறக்கும் புதிய கார்களில் சிக்கல் வேறு. வீட்டுக்குள் இருக்கும் ரிமோட்டின் அலையை ஒருவன் சுவருக்கு வெளியே பிடித்து, காருக்குப் பக்கத்தில் நிற்கும் கூட்டாளிக்கு அஞ்சல் செய்துவிடுகிறான். ரிமோட்டை இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவோடு கார் பக்கத்தில் நின்று கதவைத் தொட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால் அந்த டப்பா போதும்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி போகலாம். போன வண்டி பணமாக வேண்டும், அதற்கு ஒருவர் வாங்க வேண்டும். சேசிஸ் எண்ணை ராவி அழித்தாலும் முழுக்க அழியாது. எண்ணை அச்சடித்தபோது அடியிலுள்ள உலோகத் துகள்கள் நசுங்கியிருக்கும். மேற்பரப்பை மழுங்கத் தேய்த்து, தகுந்த அமிலக் கரைசலைத் தடவினால், நசுங்கிய இடம் வேறு வேகத்தில் கரைந்து பழைய எண் மங்கலாக எழுந்து நிற்கும். தடய அறிவியல் ஆய்வகங்களில் அன்றாடம் நடக்கும் வேலை இது. 2019 ஏப்ரல் முதல் விற்கும் புதிய வண்டிகளின் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கழற்றினால் அதன் பூட்டாணி உடைந்துவிடும், மறுபடி மாட்ட முடியாது. டிஎன் 57 என்று புதிதாக எழுதிய சாதாரண பிளேட்டோடு புது மாடல் வண்டி விலைக்கு வந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை. பறிகொடுத்தவர் உடனே எஃப்ஐஆர் போட வேண்டும். எஃப்ஐஆர் தாமதமின்றிப் பதிவாகியிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லத் தாமதமானதை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்குத் திருட்டுக்கு ஒரு பைசா வராது. மற்றவர்களிடமும் இரண்டு சாவியையும் கேட்பார்கள், ஆகவே இரண்டாவது சாவியை வண்டிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள், விலை மலிவு என்று ஆர்.சி. புக் இல்லாததை வாங்காமல், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் அது திருட்டு வண்டியா என்று முன்னதாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணமிருந்தும் வாங்குகிறவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.